இணையத்தின் வேகம் எங்கே தொலைகிறது?

குடிநீர், மின்சாரம், சமையல் எரிவாயு ஆகியவற்றோடு இணைய இணைப்பும் இன்று குடும்பங்களின் மாதச் செலவுக் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, வகுப்பறையே இந்த இணைப்பின் வழியாகத்தான் வீட்டிற்குள் வந்தது. இன்றும் பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், செய்முறை விளக்கப் படங்கள் எனப் பலவற்றை நாம் இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்து படிக்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையின் முகத்தை இரவு ஒன்பது மணிக்குப் பார்க்கும் வீடுகளும் உண்டு.

ஆனால், "நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்ற குறை ஒலிக்காத வீடு ஏதேனும் உண்டோ? குறை எழுந்தவுடன் என்ன நடக்கிறது? முதலில் பழி ஒருவர்மீது விழுகிறது. "நீ எந்நேரமும் போனைப் பார்க்கிறாய், அதனால்தான்" என்று வீட்டில் இளையவர்கள் திட்டு வாங்குகிறார்கள். அடுத்து, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின்மீது பழி விழுகிறது. அதன்பின் கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டத்திற்கு மாறுகிறார்கள். மாறிய பின்னும் பின்கட்டு அறையில் பழைய வேகமே வருகிறது! பணமும் போய், நிம்மதியும் போய், குறை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படிக் கூடத்தின்மீது குற்றம் சொல்லாமல், அளந்து பார்த்துக் குற்றம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பென்சிலும், சிறிது பொறுமையும் போதும்.

முதலில் ஒரு கணக்கு

குறை உண்மையிலேயே குறைதானா என்பதை முதலில் அறிய வேண்டும். நம் வீட்டுத் திட்டம் "100 எம்.பி.பி.எஸ்." என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நொடிக்கு 100 மெகாபிட் என்று பொருள். ஆனால் நாம் இறக்கும் படங்களும் புத்தகங்களும் மெகாபைட் கணக்கில் குறிக்கப்படுகின்றன. பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட்டை 8 ஆல் வகுக்க வேண்டும். விடை 12.5. அதாவது, எல்லாம் சரியாக இருந்தாலும் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டுக்கு மேல் வராது.

1,000 மெகாபைட் கொண்ட ஒரு பாடப் படத்தை இறக்குவதற்கு இந்த வேகத்தில் 80 நொடிகள் ஆகும். திரையில் "12 மெகாபைட்" என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு, "100 என்று சொல்லி 12 தான் தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போவது சரியன்று. அங்கே யாரும் ஏமாற்றவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணைப்பு. பின்னாளில் வந்த மேம்பட்ட மோடம்கூட நொடிக்கு 56 கிலோபிட்தான் தந்தது. மேலே சொன்ன அதே பாடப் படத்தை அந்த மோடத்தில் இறக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகியிருக்கும். நம் பெற்றோர் எத்துணைப் பொறுமைசாலிகள் என்பது இதனால் விளங்கும். இன்று நிலைமை மாறிவிட்டது. நொடிக்கு 2 மெகாபிட்டாவது இறங்கினால்தான் "பிராட்பேண்ட்" என்று அழைக்கலாம் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. அதற்கு முன் இருந்த வரையறை 512 கிலோபிட்தான்.

ஐந்து கட்டங்கள்

குழாயில் தண்ணீர் மெல்லிதாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த குழாயைத் திறந்து பார்க்கிறோம். பிறகு மாடித் தொட்டியைப் பார்க்கிறோம். பிறகு தெருக் குழாயில் வருகிறதா என்று பார்க்கிறோம். எந்த இடம் வரை நன்றாக வருகிறதோ அதற்கு அடுத்த இடத்தில்தான் அடைப்பு என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். இணையத்திற்கும் இதே முறைதான்.

நாம் கேட்கும் தகவல் ஐந்து கட்டங்களைக் கடந்து வருகிறது. முதலாவது, தகவலைச் சேமித்து வைத்திருக்கும் தொலைதூரக் கணினி. இதனைச் சர்வர் என்பர். இரண்டாவது, அங்கிருந்து நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம் வரையிலான நெடும்பாதை. மூன்றாவது, நிறுவனத்திலிருந்து நம் வீட்டுச் சுவர் வரை வரும் கண்ணாடி இழைக் கம்பி. நான்காவது, வீட்டில் உள்ள ரூட்டர் என்னும் பெட்டி. ஐந்தாவது, அந்தப் பெட்டியிலிருந்து நம் கைப்பேசி அல்லது மடிக்கணினி வரையிலான சில அடித் தூரமும், அந்தக் கருவியும்.

ஐந்தில் எது மிகக் குறுகலாக இருக்கிறதோ, அதுவே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். முதல் நான்கு கட்டங்களும் நெடுஞ்சாலையாக இருந்தாலும், கடைசிக் கட்டம் ஒற்றையடிப் பாதையானால் பயன் என்ன? பல வீடுகளில் குறை இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பெரிய திட்டம் மருந்தாகாது.

அளந்து பார்க்கும் முறை

வேகத்தை அளந்து காட்டும் இணையப் பக்கங்கள் பல, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துமுன் வீட்டில் மற்றவர்கள் இணையத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும். ஒரு முறை அளந்தால் போதாது. மூன்று முறை அளந்து நடுவில் உள்ள எண்ணை எழுதிக்கொள்வது நல்லது. நாள், நேரம், இடம், கருவி ஆகியவற்றையும் உடன் குறிக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சியில் நாம் குறித்துக்கொள்வது போலத்தான்.

முதல் அளவு: மடிக்கணினியை ஒரு கேபிளால் ரூட்டருடன் நேரடியாக இணைத்து அளக்க வேண்டும். கேபிளோ மடிக்கணினியோ இல்லாத வீட்டில், கைப்பேசியை ரூட்டருக்கு அருகில், இரண்டு மீட்டருக்குள் வைத்து அளக்கலாம். இரண்டாவது அளவு: நாம் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் வைஃபையில் அளக்க வேண்டும். மூன்றாவது அளவு: அதே இடத்தில் வேறொரு கருவியில். நான்காவது அளவு: முதல் அளவையே அதிகாலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் மீண்டும் எடுக்க வேண்டும்.

இப்போது நோட்டைப் பார்த்தாலே குற்றவாளி யாரென்று தெரியும். கேபிளில் 95, படிக்கும் அறையில் 8 என்று வந்தால், குறை வீட்டிற்குள் காற்றில் இருக்கிறது; நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. கேபிளிலேயே எந்நேரமும் குறைவாக வந்தால், பெட்டியையோ வெளிக் கம்பியையோ பார்க்க வேண்டும். காலையில் நன்றாக வந்து இரவில் மட்டும் குறைந்தால், அது நெரிசல். ஒரு கைப்பேசியில் மட்டும் குறைந்தால், அந்தக் கைப்பேசியே காரணம். ஒரே ஓர் இணையதளம் மட்டும் மெதுவாக வந்தால், குறை அக்கரையில் இருக்கிறது.

காற்றில் தொலையும் வேகம்

வைஃபை என்பது வானொலி போன்ற மின்காந்த அலைதான். பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். பின்னது மிக விரைவானது. ஆனால் ஓரிரு சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே அமர்ந்திருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸையும், தொலைவில் இருப்பவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸையும் தேர்ந்துகொள்வது நலம். சில கைப்பேசிகள் அருகில் இருந்தும் மெதுவான வரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அமைப்புப் பகுதியில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் ரூட்டரை எங்கே வைக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கம்பி எந்தச் சன்னல் வழியே நுழைந்ததோ, அந்த மூலையிலேயே மாட்டிவிட்டுப் போகிறார்கள். பார்க்க அழகாக இல்லை என்று அதனைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்புப் பீரோவுக்கு மேலேயோ, மூடிய அலமாரிக்குள்ளோ ஒளித்து வைப்பவர்களும் உண்டு. இரும்பு, அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும், தண்ணீர் நிறைந்த தொட்டியும் அலைகளை விழுங்கிவிடும். ரூட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பல வீடுகளில் குறை தீர்ந்துவிடும். இதற்குச் செலவு ஒரு நீளமான கேபிள் மட்டுமே.

இங்கே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ரூட்டர் கூடத்தில் இருக்கும். படிக்கும் பிள்ளைக்கு ஒதுக்கப்படுவதோ பின்கட்டு அறை, அல்லது மாடியில் ஒரு மூலை. வீட்டிலேயே மிகப் பலவீனமான அலை கிடைக்கும் இடம் அதுதான்! தொடரும், செய்தியும் பார்க்கும் இடத்தில் முழு வேகம். பாடம் படிக்கும் இடத்தில் மீதி. ரூட்டரின் இடத்தை முடிவு செய்யும்போது பெற்றோர் இதனை மனத்தில் கொண்டால் பிள்ளைகள் பெரிதும் பயனடைவர்.

அலை பலவீனமானால் வேகம் ஏன் குறைகிறது? இரைச்சல் மிகுந்த வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை முன்வரிசைக்கு விரைவாகச் சொல்லலாம். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். சில சொற்களைத் திரும்பவும் சொல்ல வேண்டும். ஒரு தகவல் வழியின் வேகம் அதன் அகலத்தையும், இரைச்சலுக்கு மேலே குரல் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதையும் பொறுத்தது என்று அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948 ஆம் ஆண்டிலேயே நிறுவிக் காட்டினார். ரூட்டரும் அப்படியே செய்கிறது. தொலைவில் உள்ள கைப்பேசிக்கு மெதுவாகப் பேசுகிறது. அவ்வாறு மெதுவாகப் பேசும் நேரத்தில் அதே அலைவரிசையில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே, ஒரு மூலையில் இருக்கும் ஒரு கைப்பேசி அந்த வரிசையில் உள்ள எல்லாருடைய வேகத்தையும் குறைத்துவிடக்கூடும்.

அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரின் ரூட்டர்களும் இரைச்சல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பக்கத்து வீடுகள் 6 இல் இருந்தால் நாம் 1 க்கோ 11 க்கோ மாறிக்கொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாகும் நேரத்தில் மட்டும் நெட் தடுமாறினால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

கேபிளும் பெட்டியும்

ரூட்டரையும் கணினியையும் இணைக்கும் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 1,000 மெகாபிட் செல்ல எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு முழுவதும் நின்றுவிடாது. பேசாமல் 100 க்கு இறங்கிவிடும். விலை குறைந்த ரூட்டர்கள் சிலவற்றின் துளைகளே 100 மெகாபிட்டுக்கு மேல் தர இயலாதவை.

இதனைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. 200 அல்லது 300 மெகாபிட் திட்டத்திற்குப் பணம் கட்டியும், கேபிளில் அளக்கும் ஒவ்வொரு முறையும் 94, 95 என்றே வந்தால், நடுவில் எங்கோ ஒரு 100 மெகாபிட் கதவு இருக்கிறது என்று பொருள். அது பழைய கேபிளாகவோ பழைய ரூட்டராகவோ இருக்கலாம். கேபிளின் மேலுறையில் "கேட் 5இ" அல்லது "கேட் 6" என்று அச்சிட்டிருந்தால் அது 1,000 வரை தாங்கும்.

ரூட்டர் ஒரு சிறிய கணினி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாதக்கணக்கில் ஓயாது உழைத்தால் அதன் நினைவகத்தில் பழைய கணக்குகள் சேர்ந்துவிடும், வெப்பமும் ஏறும். மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டால் அது புதிதாகத் தொடங்குகிறது. பல ரூட்டர்கள் அப்போது நெரிசல் குறைந்த தடத்தையும் தாமே தேடிக்கொள்கின்றன. ஆனால், பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவில் ஒரு சிறு துளை இருக்கும். அதனுள் உள்ள பொத்தானை அழுத்தவே கூடாது. அது அமைப்புகளையெல்லாம் அழித்துவிடும். பிறகு ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும்.

வீட்டிற்குள் நெரிசல்

நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் நம் கருவிகள் சும்மா இருப்பதில்லை. கைப்பேசி, எடுத்த படங்களை மேகக் கிடங்கிற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கணினி, தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வாசலில் உள்ள கண்காணிப்பு கேமரா இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். இவற்றுள் பல, மேலே அனுப்பும் வேலைகள். கீழே இறக்கும் வேகத்தை இவை எப்படிக் குறைக்கும் என்று கேட்கலாம். இறங்கும் தகவலுக்கு நம் கருவி, "கிடைத்தது, கிடைத்தது" என்று ஒப்புகைச் சீட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே செல்லும் வழி அடைத்துக்கொண்டால் ஒப்புகை தாமதமாகும். ஒப்புகை வராவிட்டால் சர்வர் அடுத்த பகுதியை அனுப்பத் தயங்கும். ஆகவே, பெரிய படங்களை மேலேற்றும் வேலையை இரவு படுக்கும் நேரத்திற்கு ஒத்திவைப்பது நல்லது.

நெரிசல் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1986 ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே தகவல் செல்லும் வேகம் திடீரென்று விழுந்தது. இரண்டுக்கும் இடைவெளி 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் சென்ற இடத்தில் 40 பிட் மட்டுமே சென்றது. காரணம் என்ன? ஒவ்வொரு கணினியும் பதில் வரவில்லை என்று கண்டதும் அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பியது. எல்லாரும் முண்டியடித்ததில் யாருமே போக முடியவில்லை. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து 1988 ஆம் ஆண்டு தீர்வை வெளியிட்டார். தகவல் தொலைந்தால் அனுப்புபவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாதை சீரானதும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பதே அது. ஒருவருக்கொருவர் வழிவிட்டதால் எல்லாரும் போக முடிந்தது. இன்றைய இணையமும் இவ்வொழுக்கத்தின்மீதே நிற்கிறது எனின் அது மிகையன்று.

நம் வீட்டிலும் அப்படியே. தேர்வு நேரத்தில் ஒருவர் வகுப்பைக் கேட்கும்போது, மற்றவர் திரைப்படத்தைப் பிறகு இறக்கலாம். சண்டையிட வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டால் போதும். அறிமுகமில்லாத கருவிகள் ரூட்டரில் இணைந்திருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

தெருவும் கடலும்

வீட்டிற்கு வரும் கண்ணாடி இழையில் ஒளியே தகவலைச் சுமக்கிறது. இழை தூய்மையாக இருந்தால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்று 1966 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக 2009 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இவ்விழையைக் கூர்மையாக மடித்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே அதனை ஆணியில் சுற்றுவதோ, சன்னல் கதவிடுக்கில் நசுக்குவதோ கூடாது. பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது பெரும் தவறு. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். தம்பி, தங்கைகளுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.

ஒரே இழையை வழியில் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். 32 அல்லது 64 வீடுகள் வரை ஒரே மூல இழையைப் பகிர்வது வழக்கம். மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் வேகம் குறைவது இதனாலும், நிறுவனத்தின் மேல்வழி நெரிசலாலும் நேர்கிறது. திட்டத்தில் குறித்த மாத அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனையும் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் நெட் ஊர்ந்தால், முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

இன்னும் அப்பால் கடலடிக் கம்பிகள் இருக்கின்றன. 2008 ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கம்பிகள் பழுதானபோது, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு இப்பால் இந்தியாவில் இணையம் தளர்ந்தது. அந்நாளில் எந்த வீட்டு ரூட்டரை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

புகார் செய்வது எப்படி?

வீட்டிற்குள் எல்லாவற்றையும் பார்த்து, கேபிளில் அளந்தும் வேகம் குறைவாகவே இருந்தால் தயங்காமல் புகார் செய்யலாம். "நெட் வரவில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "ஐந்து நாட்களாக இரவு எட்டிலிருந்து பத்து வரை கேபிளில் 100 க்கு 15 தான் வருகிறது, காலையில் 95 வருகிறது" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் கேட்பவர் மறுக்க முடியாது. புகார் எண்ணைக் கேட்டு அதே பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்கவில்லையெனில், அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 ஆம் ஆண்டு விதிகள் இவ்வுரிமையை வாடிக்கையாளருக்கு வழங்கியிருக்கின்றன.

நோட்டில் எழுத வேண்டியவை

1. நம் திட்டத்தின் வேகமும் மாத அளவும்.
2. கேபிளில், அதிகாலையில் வந்த வேகம்.
3. கேபிளில், இரவு ஒன்பது மணிக்கு வந்த வேகம்.
4. படிக்கும் இடத்தில் வைஃபையில் வந்த வேகம்.
5. அதே இடத்தில் வேறொரு கருவியில் வந்த வேகம்.
6. ரூட்டரை நகர்த்திய பின் வந்த வேகம்.
7. புகார் எண், நாள், கிடைத்த பதில்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். ரூட்டரை நகர்த்திவிட்டுக் கேபிளையும் மாற்றினால், எது பயன் தந்தது என்று அறிய முடியாது. ஒன்றை மாற்றுங்கள்; அளவெடுங்கள்; எழுதுங்கள்; பிறகு அடுத்தது.

அன்புத் தோழியரே! அடுத்த முறை வீட்டில் "யாரால் நெட் மெதுவாகிறது?" என்ற கேள்வி எழும்போது, "எங்கே மெதுவாகிறது?" என்று கேளுங்கள். "யார்" என்ற கேள்வி ஒருவருடைய கண்ணில் நீரை வரவழைக்கும். "எங்கே" என்ற கேள்வி விடையைக் கொண்டுவரும். பெற்றோர்களே! கூடுதல் பணம் கட்டுமுன் ஒரு மாலை நேரத்தை உங்கள் மகளுக்கும் அவளுடைய நோட்டுக்கும் கொடுங்கள். அவள் அளந்து சொல்லும் எண்கள், மாதந்தோறும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தக்கூடும். பின்கட்டு அறையில் அவள் கேட்கும் பாடமும் இடையில் அறுந்துபோகாமல் வந்து சேரும்.